இட்லிப்பூவும் எருமைப்புல்லும்: குமரி மாவட்டத்து முற்றங்களுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் நர்சரியில் நிற்கிற எனக்கு வருகிற சந்தேகங்களில் பாதி ஒரே சந்தேகம்தான், ஆள் மட்டும் மாறும். வீடு கட்டி முடித்ததும் வாசலில் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று வருவார்கள். சுவரோரம் வைக்க இட்லிப்பூ, நடுவில் விரிக்க எருமைப்புல். இரண்டையும் ஒரே ஹோஸில் நனைத்து, ஒரே உரத்தைத் தூவிவிட்டு, அடுத்த கோடையில் "ஒண்ணு நல்லா இருக்கு, இன்னொண்ணு போயிட்டு" என்று போன் வரும்.

அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் கொடுத்திருக்கிறேன். இங்கே பூ என்றால் இட்லிப்பூ, அதாவது நம் பக்கத்தில் பலர் தெச்சி என்று சொல்கிற செடி. புல் என்றால் எருமைப்புல். வேறு செடியோ புல்லோ வருகிற இடத்தில் பெயர் சொல்லியிருக்கிறேன்.

ரெண்டுல எது பராமரிக்க லேசு?

இட்லிப்பூதான். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் புல் என்று சொல்வேன் என எதிர்பார்த்துதான் வருகிறார்கள். "புல்லுதானே, தானா வளரும்" என்ற நினைப்பு. ரோட்டோரப் புல் தானாக வளர்வது உண்மை. அது காய்ந்தாலும் ஆளுயரம் வளர்ந்தாலும் நடுவில் களை வந்தாலும் யாரும் கேட்பதில்லை. முற்றத்துப் புல்லிடம் நாம் வருடம் முழுக்க ஒரே உயரமும் ஒரே நிறமும் கேட்கிறோம். அதற்கு மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், கோடையில் வாரம் இரண்டு மூன்று தடவை தண்ணீர் வேண்டும், களை பிடுங்க ஆள் வேண்டும்.

இட்லிப்பூ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தச் செடி. முதல் வருடம் வேர் பிடிக்கும் வரை பார்த்துக்கொண்டால், அதன் பிறகு ஒரு வாரம் மறந்துபோனாலும் பொறுத்துக்கொள்ளும்.

எருமைப்புல்லுன்னா எது? கடையில நாலு விதம் காட்டுறாங்க.

பெயர்கள் கடைக்குக் கடை மாறும். அதனால் இலையைப் பாருங்கள். விரல் நகம் அளவுக்கு அகலமான, நுனி மழுங்கிய இலையோடு, தரையோடு தரையாகத் தண்டு ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விட்டால் அது எருமைப்புல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. நிழலையும் ஈரத்தையும் புளிப்பு மண்ணையும் தாங்கும். வறட்சியையும் உப்பையும் தாங்காது.

மெல்லிய இலையும் நீலம் கலந்த பச்சையும் இருந்தால் அருகு வகை, பெர்முடா என்று விற்பார்கள். வெயில் பிரியன், நிழலில் வழுக்கை விழும். குட்டை குட்டையாக, மெத்தை போல மேடு மேடாக எழும்புவது கொரியன் புல். பார்க்க அழகு, பரவ ரொம்ப நாள் எடுக்கும்.

வெயில் எவ்வளவு வேணும்?

இட்லிப்பூ நிறையப் பூக்க நேரடி வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். மூன்று மணி நேர வெயிலிலும் செடி செழிப்பாகத்தான் நிற்கும், இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், பூதான் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். எருமைப்புல்லுக்கு அந்த மூன்று நாலு மணி நேரம் போதும். உச்சி வெயில் முழுக்க விழுகிற திறந்த முற்றத்தில் தண்ணீர் குறைந்தால் அது முதலில் வெளுக்கும், பிறகு ஓரம் கருகும்.

ஆக, வெயில் விழுகிற பக்கம் பூச்செடி, வீட்டு நிழல் விழுகிற பக்கம் புல் என்று பிரிப்பதுதான் சரி. பெரும்பாலான வீடுகளில் நடப்பது நேர் எதிர்: நடு முற்றத்து வெயிலில் புல், சுவரோர நிழலில் இட்லிப்பூ. செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கும் 12 மணிக்கும் 4 மணிக்கும் முற்றத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், விஷயம் தெளிவாகிவிடும். முடிந்தால் அதை நர்சரிக்கும் கொண்டு வாருங்கள்.

முற்றம் முழுக்க தென்னை, ஒரு மூலையில அயினி மரம். என்ன வைக்கலாம்?

தென்னை பிரச்சினை இல்லை. ஓலைக்கு நடுவே வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், அந்தச் சல்லடை வெளிச்சம் எருமைப்புல்லுக்குப் பிடித்தமானது. தென்னையின் மூட்டில், அதாவது அடிமரத்தைச் சுற்றி, உரம் போடும் வட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். இட்லிப்பூவை மரங்களுக்கு நடுவே வெளிச்சம் அதிகமுள்ள இடத்தில் வைக்கலாம். தேங்காயும் மட்டையும் விழுகிற இடத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

அயினிக்கும் பலாவுக்கும் மாமரத்துக்கும் அடியில் இரண்டுமே வேண்டாம். நிழல் அடர்த்தி, வேர் மேலோட்டம், உதிர்கிற இலை வேறு புல்லை மூடிப் புழுக்கும். அந்த மூலையைச் சருகோடு அப்படியே விட்டுவிடுங்கள்.

எங்க ஊர் சரல் மண்ணு. ரெண்டும் வருமா?

கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கத்துச் செம்மண்ணும் சரலும் பொதுவாகப் புளிப்பானவை. அது இரண்டுக்கும் நல்ல செய்தி. இட்லிப்பூவுக்கு மண்ணின் கார அமில அளவு (pH; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 5-லிருந்து 6.5 வரை இருந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. எருமைப்புல்லும் அதே மண்ணில் சந்தோஷமாக இருக்கும். 7-ஐத் தாண்டினால் புல் சமாளித்துக்கொள்ளும், இட்லிப்பூ சமாளிக்காது. உங்கள் மண் எத்தனை என்று தெரிய, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையோ திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேளுங்கள்.

வித்தியாசம் ஆழத்தில்தான். எருமைப்புல்லின் வேரில் பெரும்பங்கு மேல் 10, 15 சென்டிமீட்டரில் இருக்கும். அந்த மேல் மண் நன்றாக இருந்தால் அடியில் சரல் இருந்தாலும் பரவாயில்லை. இட்லிப்பூவுக்குக் குழி வேண்டும்: ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். கடப்பாரை போட்டுச் சரலை உடைத்து, மேல் மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மக்கிய சாணி உரம் கலந்து நிரப்ப வேண்டும். சட்டி அளவுக்கு மட்டும் மம்பட்டியால் தோண்டி வைத்தால் வேர் அந்தச் சட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நிற்கும். மழையில் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகவும் மாறும்.

புது வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முற்றத்தை உயர்த்தப் போட்ட பாறைப்பொடியும் கட்டட இடிபாடும் மண் ஆகாது. அதன் மேல் அரை அடி நல்ல மண் போடாமல் புல் பதிக்காதீர்கள்.

தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் ஹோஸ் பிடிக்கிறேன் அண்ணே, அது போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, சுமார் 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் ஊற்றினால் 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கோடையில் எருமைப்புல் பச்சையாக நிற்க வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் வேண்டும். 40 சதுர மீட்டருக்கு அது 1,000 லிட்டர். அதாவது ஒரு சென்ட் புல், வாரத்துக்கு மாடியில் நிற்கிற ஒரு 1,000 லிட்டர் தொட்டியைக் காலி பண்ணும். மூன்று சென்ட் என்றால் மூன்று தொட்டி.

ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு 150 லிட்டர். அதை மூன்று சென்டில் தெளித்தால் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இலை நனையும், தூசி போகும், வேருக்கு ஒன்றும் போகாது. மேலோட்டமாகவே ஈரம் கிடைப்பதால் வேரும் மேலேயே நிற்கும், இரண்டு நாள் தவறினால் வாடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதற்குப் பதிலாக வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பிரித்து, கை விட்டுப் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஈரம் இருக்கிற அளவுக்கு ஊற்றுங்கள். சாயங்காலத்தைவிடக் காலை நல்லது. காரணம் பூஞ்சை பற்றிய கேள்வியில் வருகிறது.

இட்லிப்பூ கணக்கு வேறு. வேர் பிடித்த செடிக்கு வாரம் இரண்டு தடவை, தடவைக்கு ஒரு வாளி, மூட்டில் மெதுவாக. பத்துச் செடிக்கு வாரம் 250 லிட்டர் கூட ஆகாது. புதுச் செடிக்கு முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் வேண்டும், ஆனால் அளவு பாதி போதும். கிணறு வற்றுகிற வீட்டில் புல் கேட்டு வருகிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். பாதிப் பேர் புல்லைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள்.

இடவப்பாதியும் பெய்யுது, ஐப்பசி மழையும் பெய்யுது. நமக்கு எதுக்குத் தண்ணி ஊத்தணும்?

இடவப்பாதி என்கிற தென்மேற்கு, ஐப்பசியில் வருகிற வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது, அது உண்மை. ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழையில்லாத ஒரு வறட்சி இருக்கிறது. மேலே சொன்ன தொட்டிக் கணக்கு அந்த மாதங்களுக்குத்தான். கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை பக்கம் தென்மேற்கு மழை மேற்கில் பெய்கிற அளவுக்குப் பெய்யாது. அங்கே ஜூலையிலும் ஹோஸ் தேவைப்படும்.

நடும் காலமும் இதை வைத்துத்தான். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தில் ஜூன் முதல் மழை ஓய்ந்து மண் நனைந்ததும் இரண்டையும் நடலாம். கிழக்கே அக்டோபர் நல்லது. சரிவான நிலத்தில் புல்லைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் பதியுங்கள், கணுவுள்ள துண்டுகளை அரை அடிக்கும் குறைவான இடைவெளியில். சரிவோடு சேர்த்து நட்டால் முதல் பெரிய மழை எல்லாவற்றையும் அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒரே உரத்தை ரெண்டுக்கும் போடலாமா?

மக்கிய சாணி உரமும் மண்புழு உரமும் போடலாம். கடை உரம் என்றால் வேண்டாம். புல்லிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது இலை மட்டும்தான், அதனால் அதற்குத் தழைச்சத்து போதும். ஒரு சென்டுக்கு 200 கிராம் யூரியா, வளர்கிற காலத்தில் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. காய்ந்த மணலோடு கலந்து, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். எருமைப்புல் அதிகம் கேட்கிற புல் இல்லை, இதற்கு மேல் கொடுத்தால் வெட்டும் வேலைதான் கூடும். கொட்டுகிற மழை நாளில் போடாதீர்கள், காசு ஓடையில் போகும்.

அதே யூரியாவை இட்லிப்பூவுக்குக் கொடுத்தால் இலை இலையாக வரும், பூ பின்வாங்கும். அதற்கு வருடத்துக்கு இரண்டு தடவை, ஜூன் தொடக்கத்திலும் அக்டோபரிலும், செடிக்கு இரண்டு மூன்று கிலோ மக்கிய சாணி உரமும் ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கும் போதும். அப்புறம், அடுப்புச் சாம்பல், முட்டைத்தோடு, சுண்ணாம்பு மூன்றையும் இட்லிப்பூ மூட்டில் போடாதீர்கள். "சாம்பல் போட்டா நல்லா பூக்கும்" என்பது எல்லாச் செடிக்கும் பொருந்தாது. மூன்றுமே மண்ணின் புளிப்பைக் குறைப்பவை, இந்தச் செடி வாழ்வதே அந்தப் புளிப்பில்தான்.

இட்லிப்பூ இலை மஞ்சளா இருக்கு, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறல.

மாறாது. அது இரும்புச்சத்துக் குறை. எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் இருக்கும் பழைய இலைகள் முழுசாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. நுனியில் வரும் புது இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் வலைபோலப் பச்சையாக நின்றால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண்ணின் நிறமே இரும்புதான். மண்ணின் காரம் கூடும்போது அந்த இரும்பைச் செடியால் எடுக்க முடியாமல் போகிறது.

காரம் எங்கிருந்து வருகிறது? பத்தில் எட்டு வீட்டில் காம்பவுண்டுச் சுவரிலிருந்து. சிமெண்டுச் சுவரை ஒட்டி அரை அடியில் செடி, அந்தப் பக்கம் இன்டர்லாக் கல், அடியில் கட்டட வேலையில் கொட்டிய கலவை. ஒவ்வொரு மழையிலும் சுண்ணாம்பு கரைந்து மூட்டுக்கு வருகிறது. அதே சுவரோரத்தில் புல் பச்சையாகத்தான் இருக்கும், அதனால் மண்ணில் குறை என்று யாருக்கும் தோன்றாது.

உடனடி வைத்தியம்: ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் இறங்கிய பிறகு இலையில் தெளியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. தரையில் சிந்தாமல் பாருங்கள், இன்டர்லாக்கிலும் டைல்ஸிலும் துருக்கறை பிடித்தால் போகாது. ஆனால் இது தற்காலிகம்தான். நிரந்தரத் தீர்வு செடியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி வைப்பது, அல்லது மூட்டு மண்ணை மாற்றி வருடா வருடம் சருகும் சாணி உரமும் போடுவது. மூட்டில் தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இதே மஞ்சள் வரும், அதனால் மருந்து வாங்கும் முன் ஒரு குச்சியால் கிளறி ஈரத்தைப் பாருங்கள்.

புல்லை வெட்ட வெட்ட அடர்த்தியாகுது, இட்லிப்பூவை வெட்டினா பூவே இல்லை. ஏன்?

புல் வளர்கிற புள்ளி தரையோடு ஒட்டி இருக்கிறது. நாம் வெட்டுவது இலையின் மேல் பாகத்தை மட்டும். நுனி போனதும் பக்கத் தண்டு ஓடும், அடர்த்தி கூடும். இட்லிப்பூவின் மொட்டு வருவதோ கிளை நுனியில். கத்தரி வைத்துப் பெட்டி மாதிரி மாதாமாதம் மட்டம் வெட்டினால் ஒவ்வொரு தடவையும் வரப்போகும் பூவைத்தான் வெட்டிப் போடுகிறோம். வேலிக்கு வைத்த இட்லிப்பூ பூப்பதில்லை என்று சொல்கிற வீடுகளில் எல்லாம் கதை இதுதான்.

பூங்கொத்து ஒரு சுற்று வாடியதும் வாடிய கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். வெட்டிய பிறகு இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். திருவிழாவுக்கோ வீட்டுக் கல்யாணத்துக்கோ பூ வேண்டுமென்றால் அந்தக் கணக்கில் முன்னாலேயே வெட்டி முடித்துவிடுங்கள். சதுரமாகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, குட்டை ரகம் வாங்குங்கள் என்பேன், அதற்கு வெட்டே அதிகம் வேண்டாம்.

எருமைப்புல்லை இரண்டு அங்குலத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவும் கூடாது. ஓணத்துக்கு ஆள் வருகிறார்கள் என்று ஒரே நாளில் தரையோடு மழித்தால் கறுப்பும் மஞ்சளுமாகத் தண்டுதான் தெரியும்.

இட்லிப்பூ மூட்டுல புல்லு ஏறிட்டு. பார்க்க நல்லாத்தானே இருக்கு?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் போடுகிற உரத்தையும் மேலாக ஊற்றுகிற தண்ணீரையும் முதலில் குடிப்பது புல். வளர்ந்த செடி தாங்கும், முதல் இரண்டு வருடச் செடி குறுகி நிற்கும். புல் வெட்டும் மிஷினின் நைலான் கயிறு மூட்டுப் பட்டையைச் சீவிவிட்டுப் போவது வேறு. செடியைச் சுற்றி ஒரு அடி வட்டம் வெறுமையாக இருக்கட்டும். அதில் தேங்காய்த் தொண்டோ (உரித்த மட்டை) சருகோ பரப்புங்கள். வரப்பு மாதிரி ஒரு செங்கல் வரிசை பதித்துவிட்டால் வருகிற தண்டுகள் தெரியும், கையால் வெட்டிவிடலாம்.

கோரை வந்துட்டு. மருந்து அடிச்சா போயிருமா?

கோரை பெரும்பாலும் புல்லோடு வருவதில்லை, மேலே போடுகிற செம்மண் லோடோடு வருகிறது. மண் இறக்கினதும் புல் பதிக்காமல், மூன்று வாரம் நனைத்துப் போட்டுவிடுங்கள். கோரை முளைக்கும், கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுப் பதியுங்கள். பதித்த பிறகு வந்தால் மேலே பிடுங்கிப் பிரயோசனமில்லை, கிழங்கு உள்ளே இருந்து மறுபடி வரும். மழைக்குப் பிந்திய நாளில் குத்துக் கம்பியால் கிழங்கைத் தேடி எடுக்க வேண்டும்.

அகன்ற இலைக் களைகளைக் கொல்ல விற்கும் 2,4-டி மருந்து இந்த ஜோடிக்கு ஆபத்து. புல் பிழைத்துக்கொள்ளும். காற்றில் சிதறி இட்லிப்பூ மேல் பட்டால் நுனி முறுக்கிச் சுருளும். ஆடிக் காற்றில் அடித்தால் பக்கத்து வீட்டுப் பூச்செடிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். முற்றத்து அளவுக்குக் கை வேலையே போதும்.

புல்லு வச்சா பாம்பு வரும்னு அம்மா சொல்றாங்க.

வெட்டி வைத்த புல்லில் பாம்பு ஒளிய முடியாது, வந்தாலும் தெரியும். முழங்கால் அளவு வளர விட்ட புல்லைப் பற்றி அம்மா சொல்வது சரி. இட்லிப்பூவும் அப்படித்தான், கிளை தரையைத் தொட்டு அடர்ந்து நின்றால் அடியில் எலியும் தவளையும் தங்கும், அதைத் தேடிப் பாம்பும் வரும். அடிக்கிளைகளை முக்கால் அடி உயரத்துக்குக் கழித்து, அடியில் வெளிச்சம் தெரிகிற மாதிரி வையுங்கள்.

இலையில கறுப்பா கரி பிடிச்ச மாதிரி இருக்கு, எறும்பும் நிறைய.

இட்லிப்பூவில்தானே? செதில் பூச்சியோ மாவுப் பூச்சியோ சாறு உறிஞ்சி விடுகிற இனிப்புக் கழிவில் வளரும் பூஞ்சைதான் அந்தக் கரி. எறும்பு வருவதும் அந்த இனிப்புக்கு. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மோசமான கிளையை வெட்டி எரித்துவிட்டு, மீதிக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியும் கொஞ்சம் காதி சோப்பும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளியுங்கள். பூச்சி போனால் கரி தானாக உதிரும்.

மழைக்காலத்துல புல்லு வட்டம் வட்டமா பழுப்பாகுது. தண்ணி போதலையா?

மழையில் தண்ணீர் எப்படிப் போதாமல் போகும்? அது பூஞ்சை. ராத்திரி முழுக்க இலை நனைந்திருப்பதும், மழைக்கு முன்னால் போட்ட யூரியாவும், காற்று ஓடாத மூலையும் சேர்ந்தால் வரும். அதனால்தான் மேலே காலையில் தண்ணீர் விடச் சொன்னேன். வட்டத்தில் இருக்கும் காய்ந்த புல்லைச் சீப்பு வாரியலால் வாரி எடுங்கள், உரத்தை நிறுத்துங்கள், தண்ணீர் வடிய வழி பண்ணுங்கள். மழை விட்டதும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். கையளவில் நடு கருகி ஓரம் மட்டும் கரும்பச்சையாக இருந்தால் அது நாய் மூத்திரம். உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதே மருந்து.

எங்க வீடு குளச்சல்ல, கடல் பக்கம். ரெண்டுமே ஓரம் கருகுது.

இந்த ஜோடி உங்களுக்கு இல்லை. எருமைப்புல்லும் இட்லிப்பூவும் உப்பில் பலவீனமானவை. முட்டம், மணக்குடி என்று கரையோரம் முழுக்க இதே பதில்தான். புல்லுக்கு அருகு வகையோ கொரியனோ வையுங்கள், இரண்டும் உப்பைத் தாங்கும். மணல் மண்ணில் தண்ணீர் நிற்காது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விட வேண்டும். மற்றவர்களுக்கு நான் சொன்னதற்கு இது எதிர்தான், மண் அப்படி.

பூவுக்கு அரளியும் காகிதப்பூவும் கடற்காற்றில் நின்று பூக்கும். அரளியின் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் கைக்குழந்தையோ ஆடோ இருக்கிற வீட்டில் காகிதப்பூ மட்டும். இட்லிப்பூ வேண்டவே வேண்டும் என்றால் வீட்டுக்குக் கிழக்கே, கட்டடம் காற்றை மறைக்கிற பக்கம் தொட்டியில் வையுங்கள்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் எங்க வீடு. காத்துக்கு என்ன பண்றது?

காற்றாலை சுற்றுகிற இடத்தில் புல்லும் வேகமாகத்தான் காயும். மேற்குக் காற்று காலத்தில் தொட்டிக் கணக்கைத் தாராளமாகக் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அருகு வகைக்கு மாறுங்கள். இட்லிப்பூவுக்கு முதல் வருடம் கம்பு நட்டுக் கட்ட வேண்டும், மூட்டில் மூடாக்கு, அதாவது சருகோ தொண்டோ பரப்புவது, கட்டாயம்.

தோவாளையில கேந்தியும் பிச்சியும் அப்படி விளையுதே. புல்லுக்குப் பதிலா முற்றம் முழுக்கக் கேந்தி வைக்கலாமா?

கேந்தி, அதாவது செண்டுமல்லி, நாலு மாதச் சங்கதி. விதை போட்டு இரண்டு மாதத்தில் பூக்கும், அதன் பிறகு கொஞ்ச நாள்தான், பிறகு பிடுங்கி மறுபடி நட வேண்டும். நாள் முழுக்க வெயிலும் வேண்டும். பூவுக்காக வயலில் நடுகிறவருக்கு அது சரி, முற்றத்தில் பாதி வருடம் வெறும் மண்தான் தெரியும். ஆனால் ஒரு இடத்தில் கேந்தி உதவும். இட்லிப்பூ வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு தாக்கி செடி செத்திருந்தால், அதே குழியில் உடனே அடுத்த செடியை வைக்காமல் ஒரு போகம் கேந்தி நடுங்கள். நூற்புழுவைக் குறைக்கும் செடி அது. பிச்சி கொடி மாதிரி பரவுவதால் புல்லோடு சேர்த்து ஒப்பிடவே முடியாது, அதற்குத் தனி இடம் கொடுங்கள்.

ஆர்.ஓ. மிஷின்ல இருந்து வீணா போற தண்ணியையும் வாஷிங் மெஷின் தண்ணியையும் விடலாமா?

ஆர்.ஓ. கழிவு என்பது உங்கள் கிணற்று நீரின் உப்பு கூடிய வடிவம். கிணறு நல்ல தண்ணீர் என்றால் கழிவும் சுமார்தான், புல்லுக்கு விடலாம். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 500-க்குக் கீழே காட்டினால் இட்லிப்பூவுக்கும் பயமில்லை. கரையோரத்துக் கிணறு என்றால் இரண்டுக்கும் வேண்டாம். வாஷிங் மெஷின் தண்ணீர் காரம் உள்ளது, மஞ்சள் இலைக் கேள்வியில் சொன்ன சுண்ணாம்புப் பிரச்சினையே வேறு வழியில் வரும். அதைத் தென்னைக்கு விடுங்கள்.

நாங்க துபாய்ல. வருஷத்துல ஒரு மாசம்தான் ஊருக்கு வருவோம். அந்த ஒரு மாசம் வீடு பச்சையா இருக்கணும்.

அப்படியானால் புல் வேண்டாம். பதினொரு மாதம் யாரோ ஒருவர் தண்ணீர் விட்டு, வெட்டி, களை பிடுங்கி, நீங்கள் பார்ப்பது ஒரு மாதம். பூட்டின வீட்டில் மே மாதம் திறந்து பார்த்தால் காய்ந்த தண்டும் தொட்டாற்சுருங்கியும்தான் இருக்கும். கேட்டிலிருந்து வாசல் வரை உட்கார ஒரு துண்டு மட்டும் வேண்டுமென்றால் அரை சென்டுக்கு மேல் போகாதீர்கள், அதுவும் வாரம் வந்து போக ஆள் இருந்தால் மட்டும்.

இட்லிப்பூ பத்துப் பன்னிரண்டு வையுங்கள், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி. நடுவே கூழாங்கல்லோ சரலோ பரப்புங்கள். சுண்ணாம்புக்கல் வேண்டாம். செடிக்கு ஒன்றாகச் சொட்டுக் குழாய், டைமர், மூட்டில் தென்னந்தொண்டு. டைமருக்கு பேட்டரி போட மறப்பவர்கள் நிறைய, அதைப் பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆகஸ்டில் வருவதாக இருந்தால் மே கடைசியில் ஆள் விட்டு ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். ஜூன் மழையில் துளிர்த்து, நீங்கள் இறங்குகிற நேரத்துக்குக் கொத்து வைத்திருக்கும். டிசம்பரில் வருகிறவர்கள் செப்டம்பர் கடைசியில் வெட்டுங்கள். ஆனால் அப்போது ஐப்பசி மழை கொத்தை அடித்து உதிர்க்க வாய்ப்புண்டு, அதற்கு என்னிடம் வழி கிடையாது.